வரதராஜாவின் செத்தவீட்டுக் கசெட்

"இஞ்சேருங்கோ, அந்தச் செத்தவீட்டை நிப்பாட்டுங்கோ. விடியவெள்ளன, அடுப்பில பால் பொங்குற நேரம்" என்று குசினிக்குள் இருந்து விமலாதேவி சத்தம் போட்டாள்.

வரதராஜா நிறுத்தவில்லை. கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, கையில் பிரஷர் மெஷினின் பட்டியைச் சுற்றியபடி மேளத்தை ரசித்துக்கொண்டிருந்தார். மெஷின் உறுமி ஓய்ந்தது. இலக்கத்தைப் பார்த்தார். தேர்தலில் வென்றவர் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"இறங்கியிருக்கு" என்றார்.

"மானமும் சேர்ந்து இறங்குது" என்றாள் விமலாதேவி.

விஷயம் சின்னதுதான். மெல்பேணில் ட்ருகனினா என்ற இடத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வரதராஜா பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு அது வண்டியில்லை, சிம்மாசனம். போன மாதம் கம்பனி டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் வண்டியிலிருந்து இறக்கி, உள்ளே பெட்டிகளுக்கு லேபல் ஒட்ட விடுவார்களாம். "மனசை அமைதிப்படுத்துற மியூசிக் ஏதும் கேளும்" என்று ஒரு வழியும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம். விமலாதேவி வீணை சீடி ஒன்றைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கொருதரம் வந்து, "அமைதியாயிட்டுதோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே பிரஷர் ஏறியது. அவளுடைய தங்கை சத்தியபாமா டன்டினோங்கிலிருந்து கடலலைச் சத்தம் உள்ள சீடி ஒன்று கொண்டுவந்து தந்தாள். அலை ஒவ்வொன்றுக்கும் வரதராஜா பாத்ரூமுக்கு ஓடினார்.

கடைசியில் கராஜில் ஒரு பழைய சூட்கேசுக்குள் பெயர் எழுதாத கசெட் ஒன்று அகப்பட்டது. மெல்பேணுக்கு வந்த புதிதில் வாங்கிய ரேடியோவும் அங்கேதான் கிடந்தது. கசெட்டைப் போட்டதும் குழல் இழுத்து இழுத்து அழுதது. மேளம் கால் தேய்த்துத் தேய்த்து நடந்தது. நடுநடுவே யாரோ ஆண்கள் அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டார்கள்.

விமலாதேவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ, இது உங்கட பெரியப்பாவின்ர செத்தவீடெல்லோ. ஆர் இதை இஞ்ச கொண்டுவந்தது?"

அவள் ஒன்றைச் சொன்னால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு விசாரணை கிடையாது. ஆனால் வரதராஜாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டு வந்தது. அவர் படித்த காலத்தில் ஊரில் செத்தவீடென்றால் பள்ளிக்கூடம் இல்லை. அந்த மேளம் கேட்டால் கணக்கு வாத்தியார் வரமாட்டார். மனம் எதை எதோடு முடிந்து வைத்திருக்கிறது என்பது கம்பனி டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் பக்கத்துவீட்டுப் பவளம் அன்ரி கதவைத் தட்டினார். வெள்ளைச் சேலை, ஒரு கையில் தேநீர்ப் போத்தல், மறு கையில் இடியப்பச் சட்டி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சமைத்தே கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்த வரதராஜாவைக் கண்டதும் அவருக்குத் திகைப்பு.

"நீங்கள் இருக்கிறியள். அப்ப விமலாவோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழத் தொடங்கினார்.

விமலாதேவி பின்னால் வந்து நின்று, "நான் இருக்கிறன் அன்ரி" என்றாள். பவளம் அன்ரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இடியப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஹெட்போனில் கேட்கும்படி உத்தரவு வந்தது. கேட்டார். ஆனால் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறவனுக்குத் தன் வாய் என்ன செய்கிறது என்று தெரியாது. கொல்லைப்புறத்தில் இருந்து அவர் குழலோடு சேர்ந்து இழுத்த இழுவை வேலிக்கு அப்பால் போனது. "மனுசன் தனிய இருந்து குழறுது. என்னத்தையோ மறைக்கினம்" என்று பவளம் அன்ரி பத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"வீட்டில வேண்டாம். காருக்குள்ள வைச்சுக் கேளுங்கோ" என்றாள் விமலாதேவி.

காரில் சீடிதான் ஓடும். ஆகவே பழைய ரேடியோவை முன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் மாட்டி, கிரெய்கிபர்ன் கடைக்குப் பால் வாங்கப் புறப்பட்டார். வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டார். அந்த மேளத்துக்கு வேகமாக ஓட்டவும் மனம் வரவில்லை. பின்னால் வந்த கார் ஒன்று, அங்கே சவ ஊர்வலத்தில் போடுவதுபோல், ஹெட்லைட்டைப் போட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று போட்டது. கடை வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், வெளிச்சம் போட்ட கார்கள் வரிசையாக நிற்கின்றன.

முதல் காரிலிருந்து தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயரட்ணம் இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். "ஆரெண்டு சொல்லாட்டிலும் பரவாயில்லை வரதர். நாங்கள் இருக்கிறம்."

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. நான் பால் வாங்க வந்தனான்."

"ஓம், ஓம். அதிர்ச்சியில இப்பிடித்தான் கதைக்க வரும்" என்று ஜெயரட்ணம் முதுகைத் தடவினார்.

இனி ஊருக்கே சொல்லிவிடுவது என்று விமலாதேவி முடிவுகட்டினாள். தமிழ் வானொலிக்குப் போன் பண்ணி, செய்தியை மறுக்கச் சொன்னாள். அவர்களும் மறுத்தார்கள், மரண அறிவித்தல் நேரத்தில். சோக இசைக்குப் பிறகு, "கிரெய்கிபர்னைச் சேர்ந்த வரதராஜா அவர்கள் காலமானார் என்று" என்பதுவரை கேட்டவர்கள், "பரவிய செய்தி தவறானது" வருமுன்னே சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. சாம்பார் வாளிகள், வடைப் பெட்டி, வரதராஜாவின் பெயர் எழுதிய மலர்வளையம். செத்தவரே கதவைத் திறந்து மலர்வளையத்தை வாங்கி வைத்ததில் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கோபம்.

ஜெயரட்ணம் நடுவீட்டில் எழுந்து நின்றார். "வரதர், நீர் உயிரோட இருக்கிறது சந்தோசம். ஆனா சனத்தை இப்பிடி அலைக்கழிக்கிறது சரியில்லை. அந்தக் கசெட்டைக் குப்பையில போடும்."

வரதராஜா ரேடியோவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "போடமாட்டன். திங்கக்கிழமை டாக்டர் பாக்கப்போறார். இதில்லாட்டி என்ர வண்டி போச்சு. ஊரே திரண்டு வந்தாலும் நான் கேக்கிறதைக் கேப்பன்."

விமலாதேவி முன்னால் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். இந்தச் செத்தவீடு வேணுமோ, நான் வேணுமோ?"

புத்தியுள்ள எந்த மனிதனும் இந்த இடத்தில் பேசாமல் இருப்பான். வரதராஜாவுக்கோ அன்று பயம் விட்டுப் போயிருந்தது.

"கேட்டதால சொல்லுறன். உம்மைக் கட்டி இருபத்தோரு வருசம். அவ்வளவு காலத்திலயும் கிடைக்காத நிம்மதி இந்த மேளத்திலதான் எனக்குக் கிடைச்சது."

சபையில் யாரோ வடையைக் கடித்த சத்தம் கேட்டது. விமலாதேவி அவர் கையிலிருந்த ரேடியோவைத் திறந்து கசெட்டை உருவினாள். அப்போதுதான் உள்ளே வந்த சத்தியபாமாவின் கையில் அதைத் திணித்து, "கொண்டுபோய் எங்கயாவது தூரத்தில எறி" என்றாள்.

சத்தியபாமா ஒன்றும் விளங்காமல், கசெட் ஓடும் தன் பழைய காருக்குத் திரும்பிப் போனாள். வரதராஜா மலர்வளையத்துக்குப் பக்கத்தில் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் வாசலில் நாதஸ்வரம் கேட்டது. துள்ளலான நாதஸ்வரம். தவில் பொரிந்து தள்ளியது. நடுவே பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள்.

"ஆரின்ர வீட்டில கலியாணம்?" என்று பவளம் அன்ரி எட்டிப் பார்த்தார்.

சத்தியபாமா கார்க் கண்ணாடியை முழுதாக இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, உங்கட பழைய ரேடியோவுக்குள்ள இருக்கிற பெல்ட்தான் இழுபட்டு, கசெட் மெள்ளமா ஓடியிருக்கு. இது அத்தான் உங்களுக்குத் தாலி கட்டேக்க அடிச்ச மேளம்."