தாத்தா பெயரில் வந்த புது லைப்ரரி

சேசு மரி சூசை

தருமபுரம், காரைக்கால்
ஆகஸ்டு 1989

அன்புள்ள மருமகன் பிலோமின்ராஜுக்கு, மாமன் அற்புதராஜ் ஆசீர் கூறி எழுதுவது. இங்கே உன் அத்தையின் மூட்டுவலி தவிர எல்லாரும் சுகம். லியோனில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். கணக்கு வாத்தியாராய் ஓய்வு பெற்றவன் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசலாமா என்று எனக்கே சந்தேகம்தான். தவறிருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் கம்ப்யூட்டர் சங்கத்துக்கு நீ தமிழ் அச்சு லைப்ரரி ஒன்றை இனாமாக அனுப்பினாய். லைப்ரரி என்றதும் புத்தகசாலை என்றுதான் முதலில் நினைத்தேன், மற்ற ப்ரோகிராம்களுக்கு அச்சு வேலை செய்துகொடுக்கும் ப்ரோகிராம் என்று பிறகுதான் புரிந்தது. எல்லா ப்ரோகிராம்களும் அந்த ஒன்றையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும், யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று எழுதியிருந்தாய். பெரிய மனசு. செயலாளர் அலாவுதீன் பிரித்தும் பார்த்தார், திருத்தியும் விட்டார். முன்பு சான்றிதழ் அச்சிட, லைப்ரரிக்குப் பிள்ளையின் பெயரை முதலிலும் தகப்பன் பெயரை அடுத்தும் கொடுக்க வேண்டும். இப்போது தகப்பன் பெயரை முதலில். அதுகூடப் போகட்டும். பழைய ப்ரோகிராம்களுக்கு ஒத்துவராத திருத்தம் என்றால், லைப்ரரிப் பெயரின் கடைசியிலுள்ள ஒன்று என்ற எண்ணை இரண்டாக்கிப் புதியதைத் தனியே வைக்க வேண்டும் என்பது உன் விதி. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன சார் நீங்க, தாத்தா பேரத்தானே பேரனுக்கு வைக்கிறோம்? பேருக்குப் பின்னாடி நம்பர் போட இது என்ன பிரெஞ்சு ராஜாவா?" என்றார் அலாவுதீன். கமிட்டியிலிருந்த அத்தனை மேதைகளும் கைதட்டினார்கள். பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை வைத்தார்கள். தாத்தாவைக் கொன்றுவிட்டா பேரனுக்குப் பெயர் வைக்கிறோம் என்று கேட்க வாயெடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலின் ஞானஸ்நானச் சான்றிதழ் ப்ரோகிராம், பாவம், வழக்கம்போல் தாத்தாவைக் கூப்பிட்டது. பேரன் ஓடிவந்து, முதலில் வந்த பிள்ளை பெயரைத் தகப்பன் இடத்தில் அச்சடித்தான். கோட்டுச்சேரி சகாயம்மாளின் கைக்குழந்தை செலஸ்தீன், துலோனில் பட்டாளத்திலிருக்கும் தன் தகப்பன் அடைக்கலராஜுக்கே தகப்பனாகிவிட்டது. பிரான்சுக்குப் புருஷனிடம் போக அவள் கொடுத்த காகிதங்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன.

"அய்யா, எம் புள்ளைக்கே நான் மருமவளாங்க? இதப் பாத்துட்டு எங்கள எப்புடிங்க அவுங்ககிட்ட அனுப்புவாங்க?" என்று அழுதாள்.

அலாவுதீன் அசரவில்லை. "கோயில் ப்ரோகிராமத் திருத்திட்டாப் போச்சும்மா" என்றார். அதே லைப்ரரியைக் கூப்பிடும் பள்ளிக்கூட ப்ரோகிராம்? அதையும் திருத்துவாராம். செருப்புக்காகக் காலைத் தறிக்கும் கூட்டம் இது! அடுத்த லைப்ரரிக்குத் தன் வாப்பா பெயரை வைக்கப்போவதாகவும் கேள்வி.

ஆகவே நீயே கையெழுத்திட்டு ஓர் உத்தரவு அனுப்பு. புது லைப்ரரியின் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். கடைசியில் எண் வேண்டும். இருப்பவரோ இறந்தவரோ, எந்த மனிதர் பெயரும் கூடவே கூடாது. நான் சொன்னால் எடுபடாது. பிரான்சுத் தபால்தலைக்குத் தனி மரியாதை.

மாதா உங்கள் வீட்டைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமன்
அற்புதராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அலாவுதீன் வந்தார். நீ அனுப்பிய ப்ளாப்பியிலிருந்து பழையதை மறுபடி ஏற்றிவிட்டார்களாம்; அதுவும் இருக்கட்டும், புதியதற்கு வேறு பெயர் வைப்போம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சகாயம்மாளின் சான்றிதழும் சரியாக அச்சாகிவிட்டது. புதியதற்கு என் பெயராம். "ஒங்கள விட்டா யாருக்கு சார் அந்தத் தகுதி?" என்றார். வேண்டாமென்று ஒருமுறை சொன்னேன். ஆகையால் அந்த உத்தரவை அனுப்பாதே. எண்ணும் வேண்டாம், அற்புதராஜ் ஒன்று என்றால், பின்னால் அற்புதராஜ் இரண்டு வருவான் என்றல்லவா பொருள்? யார் எதைத் திருத்தினாலும் அதே பெயர் நீடிக்கட்டும். நமக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறதே.