தேவானந்தத்துக்கு எதிராக நான்கு புகார்கள்

வருகிற சனிக்கிழமை உயிரே போனாலும் கட்லெட் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை என்று தேவானந்தம் முடிவெடுத்தார். முடிவைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனதுக்குள் எடுத்தார். சேலையூரில் அந்த வீட்டில் வேறெங்கே எடுத்தாலும் மனைவி பியூலாவுக்குத் தெரிந்துவிடும்.

காரணம் நாலே நாலு வரி. எட்டு வருஷமாகச் சர்ச் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று, யார் காதிலும் தனியாக விழாமல் பாடிக்கொண்டிருந்தவருக்கு, இந்த வருஷம்தான் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் தனியாகப் பாட நாலு வரி கிடைத்திருந்தது. பாடகர் குழுத் தலைவர் டெனிஸ் கறாரான ஆள். ஏற்கெனவே இரண்டு சனிக்கிழமை ஒத்திகைக்கு இவர் போகவில்லை. மூன்றாவதும் வராவிட்டால் நாலு வரியும் ஆபேலுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். ஆபேல் வேறு தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தான்.

அந்த இரண்டு சனிக்கிழமையும் தேவானந்தம் ஸ்கூட்டரில் இருந்தார். ஒன்று பெரும்பாக்கம், ஒன்று படப்பை.

எல்லாம் இந்த ஏஐயால் வந்த வினை. முன்பெல்லாம் யாராவது போனில் 'மீன் கட்லெட்' என்று தேடினால் பத்துக் கடை வரிசையாக வரும். அவரவருக்குப் பிடித்ததைக் கூப்பிடுவார்கள். பியூலாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஆர்டர், தேவானந்தத்துக்கு மத்தியானத் தூக்கம் என்று உலகம் ஒழுங்காக ஓடியது. இப்போது போனே எல்லார் ரிவ்யூவையும் படித்து முடித்து, ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. தாம்பரம் பக்கம் யார் கேட்டாலும் 'பியூலா கிச்சன்'தான். குன்றத்தூரிலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள்.

பியூலாவிடம் லீவு கேட்டுப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல எடுத்தீங்களே, அது போதாதா?" என்று மனு நிராகரிக்கப்பட்டது.

ஆகவே சதி. ஏஐ ரிவ்யூ படிக்கிறதா? படிக்கட்டும். ஆனால் கட்லெட்டைக் குறைசொல்ல அவருக்கு மனம் வரவில்லை. துணிச்சல் வரவில்லை என்பதுதான் சரி. அதனால் கட்லெட்டை விட்டுவிட்டு, அதைக் கொண்டுபோகும் ஆளைத் திட்டினார். அதாவது தன்னையே. உமேஷ், சக்தி, பூவராகன், புஷ்பலதா என்று நாலு பெயரில், நாலு புதுக் கணக்கு திறந்து, நாலு ரிவ்யூ. முதலாவது இது:

'பார்வையில் காணும் கட்லெட் மிகச் சுவையாக உள்ளது. எனினும், அதைக் கொண்டுவரும் முதியவர் சிடுமூஞ்சியாக இருப்பதால், அன்னாரை அப்பணியிலிருந்து உடனடியாக விடுவிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

மற்ற மூன்றும் ஏறக்குறைய இதே. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு வேறு எப்படி எழுத வரும்?

வெள்ளிக்கிழமை காலை பியூலா உருளைக்கிழங்கை மசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனோடு வந்தாள்.

"என்னங்க, பாத்தீங்களா அநியாயத்தை? உங்களை எவனோ சிடுமூஞ்சின்னு எழுதியிருக்கான்!"

"எழுதிட்டுப் போறான் விடு. கஸ்டமர் கருத்துக்கு மதிப்பு குடுக்கணும்."

"அதெப்படி விட முடியும்? உங்களைச் சிடுமூஞ்சின்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு."

தேவானந்தத்துக்கு நெஞ்சு உருகிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. பியூலா விடுவதாக இல்லை.

"யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். ஏஐகிட்டயே கேட்டுடறேன்."

"ஐயோ, அதுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"அதுக்கென்னங்க சிரமம், அதுவா உருளைக்கிழங்கு மசிக்குது?" பியூலா போனை வாயருகே வைத்துக்கொண்டாள். "இந்த நாலு ரிவ்யூவையும் படிச்சு, எழுதினவங்க எப்படிப்பட்டவங்கன்னு சொல்லு."

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தேவானந்தம் மூச்சு விடுவதை நிறுத்தினார். பக்கத்து வீட்டு மிக்ஸியும் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது.

"நான்கையும் ஒரே நபர் எழுதியிருக்க வாய்ப்புள்ளது," என்றது போன், தேன் குரலில். "நடை அரசு அலுவலகக் கடிதம் போல் உள்ளது. எழுதியவர் அறுபது வயதைக் கடந்த ஆணாக இருக்கலாம். கடை உரிமையாளரிடம் அவருக்குப் பயம் இருப்பதாகத் தெரிகிறது. நான்கிலும் கட்லெட்டைப் புகழ்ந்துவிட்டுத்தான் தொடங்குகிறார்."

தேவானந்தத்தின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இந்த மெஷினை நம்பக் கூடாது பியூலா. வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

பியூலா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமாங்க. புஷ்பலதாவைப் போய் ஆம்பளைங்குது பாருங்க," என்றாள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனாலும் நாலு பேர் புகார் குடுத்தப்புறம் நடவடிக்கை எடுக்கலைன்னா நல்லா இருக்காது. நாளையிலருந்து நீங்க டெலிவரிக்குப் போக வேணாம். தீனா ஆட்டோல அனுப்பிக்கறேன்."

"கஸ்டமர் ஆசைப்பட்டா நான் என்ன சொல்ல முடியும்?" என்று முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டார் தேவானந்தம். பியூலா ரிவ்யூக்களுக்குக் கீழே பதில் தட்ட ஆரம்பித்தாள். ஒரு மன்னிப்புக்கு ஏன் இவ்வளவு நேரம் தட்டுகிறாள் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. குளியலறைக்குள் போய் நாலு வரியையும் ஏழு தடவை பாடினார். எட்டாவது தடவை வாளியே அதிர்ந்தது.

சாயங்காலம் டெனிஸ் போன் செய்தார்.

"சொல்லுங்க டெனிஸ்! நாளைக்கு அஞ்சு மணின்னா நாலே முக்காலுக்கே வந்துடுவேன்!"

"அதுக்குத்தாண்ணா கூப்பிட்டேன். நாளைக்கு ஒத்திகைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு மீன் கட்லெட் குடுக்கலாம்னு ஏஐகிட்ட கேட்டேன். அது சொன்னதைப் படிக்கிறேன், கேளுங்க. 'பியூலா கிச்சன், சேலையூர். புகார்களை ஏற்று, விநியோகத்தில் இருந்த முதியவரை முள் எடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டதாக உரிமையாளர் பதிலளித்துள்ளார். முள் எடுப்பதற்கென்றே ஓய்வுபெற்ற கருவூலக் கண்காணிப்பாளர் இருப்பதால் குழந்தைகளுக்கு நம்பிக்கையாகக் கொடுக்கலாம். அவர் சனிக்கிழமைகளில் மாலை நான்கு முதல் எட்டு வரை பணியில் இருப்பார்.' அவரு நீங்கதானேண்ணா?"

தேவானந்தம் திரும்பினார். வாசற்படியில் பியூலா நின்றிருந்தாள். ஒரு கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி. இன்னொரு கையில் பெரிய அலுமினியத் தட்டு.

"மாறுதல் உத்தரவு வந்தாச்சு, புஷ்பலதா," என்றாள். "நாளைக்கு நாலு மணிக்குப் பொறுப்பேத்துக்கணும்."

தேவானந்தம் போனை இறுகப் பிடித்துக்கொண்டார். "டெனிஸ்... தம்பி... அப்போ ஒத்திகை? என் நாலு வரி?"

"அதெல்லாம் ஆபேல் பாடிடுவான்ணா, அக்காகிட்ட பேசியாச்சு. அறுபது கட்லெட், நீங்க முள்ளை மட்டும் பாத்து எடுங்க."