முன்சக்கரத்துத் தாயும் சாசேஜ் நூலும்

ரோய் எட் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஆனால் கூட்டம் பந்தயக் கோட்டுப் பக்கம் இல்லை. மந்திரம் ஓதும் ஆசான் புன்லெர்த்தின் கூடாரத்துப் பக்கம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. ஆயிரம் சிசி வண்டிகள் மாலையும் கழுத்துமாக வரிசையில் நின்றன. ஓட்ட வந்தவன் எல்லாம் கைகூப்பி நின்றான். மூளையை எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தானோ தெரியவில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் மே யா நாங் என்ற தாய் குடியிருக்கிறாள். இது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் முன்சக்கரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் ஆசானின் சொந்தக் கண்டுபிடிப்பு. வெறியாக முறுக்கினால் அவளுக்குக் கோபம் வந்து எழுந்துவிடுவாளாம். அவள் எழுந்தால் சக்கரமும் எழும், ஓட்டுகிறவன் மல்லாக்க விழுவான். பரிகாரம்? மந்திரித்த வெள்ளை நூல். ஒரு நுனி ஹேண்டில்பாரின் நடுவில், மறு நுனி ஓட்டுகிறவன் கழுத்துத் தாயத்தில். ஓட்டம் முடியும்வரை நூல் அறக்கூடாது. அறுந்தால் தாய் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

நாலு சாண் நூல் சாதாரண விலை. ஒன்றரைச் சாண் நூல் யானை விலை. நீளம் குறையக் குறைய விலை ஏறுகிற நூல்கடையை வேறெங்கே பார்க்க முடியும்? ஏன் என்று ஒருத்தனாவது கேட்டானா? கேட்டால் புண்ணியம் போய்விடுமே!

பந்தயம் ஓட்ட வந்த தானெட்டும் கேட்கவில்லை. போன பந்தயத்தில் நாலு சாண் நூலோடு புறப்பட்டு, சக்கரம் வானம் பார்த்து, தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தபோதும் கேட்கவில்லை.

"நம்பிக்கை பத்தல தம்பி," என்றார் ஆசான். "உன்னுது ராட்சச வண்டி. ஒன்றரைச் சாண் போட்டாத்தான் அம்மா அடங்குவா."

"அவ்வளவு காசு இல்லியே ஆசானே."

ஆசானின் பார்வை கூட்டத்தைத் தாண்டிப் போயிற்று. கோட்டுக்கு எதிரே ஒரு சாசேஜ் தள்ளுவண்டி, மோட்டார் வைத்தது, புகைந்துகொண்டிருந்தது.

"அது யாருது?"

"என் பொண்டாட்டியோடது."

"அப்ப உன்னோடதுதானேப்பா!"

தானெட்டின் கை பையிலிருந்த அந்த வண்டிச் சாவியைத் தடவியது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். ஆனாலும் இன்றைய கோப்பை கண்ணில் மின்னியது. சாவியை நீட்டியே விட்டான்.

நடுவில் ஒரு கை வந்து வெடுக்கென்று பிடுங்கியது. மனைவி சுமாலீ. மறு கையில் இடுக்கி, முகமெல்லாம் கரி.

"ஏன்யா, எலும்புதான் உடைஞ்சுதுன்னு நெனச்சேன். மண்டையுமா?"

"சும்மா இருடி, அம்மா காதுல விழும்!"

"நல்லா விழட்டும். கோட்டுக்கு எதிர்ல நின்னு சாசேஜ் வாட்டறவ நான். ஒன்றரைச் சாண் கட்டினவன் எல்லாம், நூல் அறுந்துடுமேன்னு டாங்க் மேல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போறான். அவன் பாரம் முன்னாடி இருக்கு, சக்கரம் அமுங்குது. நீ மாப்பிள்ளை கணக்கா நிமிர்ந்து உக்காந்தே. வண்டி பாஞ்சதும் பின்னால சாஞ்சே. சாஞ்ச கை ஆக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கிச்சு. பயந்து இன்னும் சாஞ்சே, இன்னும் முறுக்கினே. அம்மா எங்கய்யா எந்திரிச்சா? நீதான் தூக்கி விட்டே!"

"ஐயோ, பாவம் பாவம்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆசான் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார்.

சுமாலீ இடுப்புப் பையிலிருந்து சாசேஜ் கட்டுகிற நூலை உருவினாள். ஒன்றரைச் சாண் அளந்து கடித்துத் துண்டாக்கினாள். தாயத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் முடிச்சுப் போட்டாள்.

"இதுல மந்திரம் இல்ல, பூண்டு வாசனைதான் இருக்கு. நெஞ்சை டாங்கை விட்டு எடுக்காதே. சக்கரம் லேசா எழும்பினா, சாயாம முறுக்கைக் கொஞ்சம் தளர்த்து. போ!"

ஒரு பக்கம் தாய், மறு பக்கம் பொண்டாட்டி. யாருடைய கோபம் வீடுவரைக்கும் வரும் என்று தானெட் யோசித்தான். கோட்டில் போய் நின்றான்.

பச்சை விளக்கு எரிந்தது. வண்டி உறுமிப் பாய்ந்தது. வயிறு முதுகில் போய் ஒட்டியது. பழைய பயம் வந்து முதுகு நிமிரப் பார்த்தது. நூல் சுண்டியது. சட்டென்று கவிழ்ந்துகொண்டான். முன்சக்கரம் ஒரு விரற்கடை எழும்பியது. முறுக்கைத் தளர்த்தினான், இறங்கியது. மறுபடி திறந்தான், பறந்தது. அடேயப்பா! ஹெல்மெட்டுக்குள் பைத்தியம்போலச் சிரித்துக்கொண்டே எல்லையைத் தாண்டினான்.

திரும்பி வந்தபோது நூல் அறாமல் இருந்தது.

"நான் இங்கேருந்து மந்திரம் ஓதினேன்ல, அதான்!" என்றார் ஆசான், கூசாமல்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் சுமாலீ. "அப்ப உங்க நாலு சாண் நூல்ல எவ்வளவு வேணுமோ ஓதிக்குங்க. கட்டிக்கிட்டு, நிமிர்ந்து உக்காந்து, நீங்களே ஒரு முறுக்கு முறுக்குங்க. அம்மா பார்த்துக்குவா."

"ஓட்டுங்க ஆசானே!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆசானுக்கு வேர்த்துக் கொட்டியது. "எனக்கு... முழங்கால் வலி."

"சக்கரத்தைப் பிடிக்கிறவ முழங்காலைப் பிடிக்க மாட்டாளா?" என்றாள் சுமாலீ.

குபீரென்று சிரிப்பு வெடித்தது. நாலு சாண் நூல் வாங்கி விழுந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்டு நெருங்கினார்கள். மகான் பாய்ந்து ஏறிய பிக்கப் வண்டிக்கு முன்சக்கரம் இரண்டு. அந்த முழங்கால் வலியோடு அவர் அதை மிதித்த மிதியில் புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சனியன் ஒழிந்தது என்று தானெட் நிம்மதியாகத் திரும்பினான். சாசேஜ் வண்டிக்கு முன்னால் நீள வரிசை.

"அக்கா, எனக்கு ஒன்றரைச் சாண் சாசேஜ் நூல்!"

"எனக்குப் பூண்டு தூக்கலா!"

ஒருவன் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டே விட்டான். சுமாலீ இடுக்கியை ஓங்கினாள்.

"அடப் பாவிகளா! வண்டியில உக்காந்தா குனியுங்கன்னு சொன்னேன். கண்டவங்க முன்னாடியெல்லாம் குனியச் சொன்னேனா? எந்திரிச்சு நில்லுங்கடா! மண்டைக்குள்ள ஏதாவது இருந்தா, அதையும் கொஞ்சம் முறுக்கிப் பாருங்க!"