ஜெயக்கொடி சில்க்ஸ் ஸ்டூல் படலம்

வாழ்க ஜென்சி. கறுப்புத் தலைக்கவசமே மணிமுடியாக, பக்கக் கண்ணாடி ஒன்றை எப்போதோ இழந்த ஸ்கூட்டியே வெண்புரவியாக, நீலநிற பிளாஸ்டிக் ஃபைலே கேடயமாக, தாம்பரம் சானடோரியம் முதல் கேளம்பாக்கம் நாற்சந்தி வரை வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வலம்வந்து, தொழிலாளர் சட்டமென்னும் கட்டுக்கடங்காத காளையைக் கொம்பைப் பிடித்து இழுத்து முதலாளிமார் வாசலில் கட்டிவைக்கும் வீராங்கனை வாழ்க. அவள் புகழைப் பாடத் துணிந்த எனக்கு, பண்டிகைக்கு முந்தைய மாலையில் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் தென்திசைப் பேருந்துக்காகக் காத்துநிற்போரைக் கலங்காமல் காக்கும் பொறுமைத் தெய்வமே, நீயே துணையிருப்பாயாக.

தொழிலாளர் சட்ட ஆலோசகர் என்னும் அவள் தொழிலின் அருமையை முதலில் சொல்லவேண்டும். வானிலை மாறும், ஜி.எஸ்.டி. சாலையில் போக்குவரத்துத் தடம் மாறும், இரண்டையும் முந்திக்கொண்டு சட்டம் மாறும். இருபத்தொன்பது பழஞ்சட்டங்களும் நான்கு பெருந்தொகுப்புகளுக்குள் சென்று புகுந்துகொண்ட செய்தி வந்த நாளில், முடிச்சூர் லேத் பட்டறைக்காரரும் கேம்ப் ரோடு பேக்கரிக்காரரும் மேடவாக்கம் மழலையர் பள்ளித் தாளாளரும், "மேடம், போன வருஷம்தானே எல்லாத்தையும் மாத்துனோம், திரும்பவுமா?" என்று தனித்தனித் தொலைபேசிகளில் ஒரே ராகத்தில் புலம்பினார்கள். ஜென்சி ஒருவரையும் கைவிடவில்லை. எவருக்கு நியமனக் கடிதம் தரவேண்டும், எந்தப் பலகையைச் சுவரில் மாட்டவேண்டும், எதைக் கழற்றிவிடலாம் என்று குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் எடுத்துச் சொன்னாள். அவள் வாடிக்கையாளர் எவரும் எந்தச் சட்டத்திலும் தோற்றதில்லை. ஒரேயொருவரைத் தவிர.

அந்த ஒருவர், சேலையூரில் மனைவி பெயரால் ஜெயக்கொடி சில்க்ஸ் என்னும் மாடமாளிகையை எழுப்பிய தயாளன். முன்னோர் நெல் விளைவித்த மண்ணில் காஞ்சிப்பட்டும் சுங்குடியும் விளைவித்தவர். வாரிவழங்கும் கையினர், வாடாத முகத்தினர், ஆனால் உட்காராதவர். கடை திறந்த நாள்முதல் கடைக்குள் அவர் அமர்ந்ததை மனிதக் கண் கண்டதில்லை. நின்றபடியே செய்தித்தாள் படிப்பார், நின்றபடியே இட்லி உண்பார், வருமானவரி ஆடிட்டருடன் நின்றபடியே வாதாடுவார். ஒரு மழைநாளில் தூணில் சாய்ந்து நின்றபடியே குறட்டை விட்டார் என்றும் சொல்வார்கள். "நான் நின்னாத்தான் வியாபாரம் ஓடும், நான் உக்காந்தா அதுவும் படுத்துக்கும்" என்பது அவருடைய வேதம். ஊழியர்களும் நின்றார்கள். கல்லாவில் ஜெயக்கொடியும் நின்றாள்.

கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. ஜென்சி அதை ஆண்டுதோறும் சொன்னாள். தயாளன் ஆண்டுதோறும் தலையாட்டினார். இப்படியே இன்னும் எத்தனை ஆண்டு போயிருக்குமோ தெரியாது, ரத்தினபாயின் கால்கள் மட்டும் குறுக்கிடாமல் இருந்திருந்தால்.

பட்டுப் பிரிவின் பேரரசி ரத்தினபாய். மணப்பெண்ணின் நிறத்தை வாசலிலேயே அளந்து, அவள் கேட்கும் நீலத்தைக் காட்டாமல் அவளுக்குப் பொருந்தும் மாம்பழ மஞ்சளை விரித்து வெற்றிகொள்பவள். அத்தகையவளின் கால்களில் நரம்புகள் புடைத்துக் கொடிகளாய்ப் படர்ந்திருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் ஜென்சியைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்.

"டாக்டரு குந்திகினு செய்யற வேலையா பாத்துக்க சொல்ட்டாரும்மா. இந்த ஆடி சேல் முடிஞ்சதும் வேலைய வுட்டுடப் போறேன். ஆனா வூட்ல குந்திகினு நான் இன்னா பண்றது சொல்லு? பொடவைய தொடாத கையி சும்மா கெடக்காதுமா."

சொல்லும்போதே ஜென்சியின் துப்பட்டா ஓரத்தைப் பிடித்து நெசவு பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கணமே வீராங்கனை சபதம் பூண்டாள். ஆடி முடிவதற்குள் ரத்தினபாயை அந்தக் கடையிலேயே உட்காரவைப்பது, இல்லையேல் தயாளனின் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடுவது.

முதற்போரில் எதிர்ப்பே இல்லை. அபராதம் என்னும் சொல்லாகிய நாகாஸ்திரத்தை அவள் அம்பறாத்தூணியிலிருந்து பாதி உருவியதுமே, தயாளன் மனமுவந்து பணிந்தார். மறுநாளே டெம்போ ஏறி வந்திறங்கின செவ்வண்ணப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள், பாலித்தீன் உறை போர்த்தி, பொட்டிட்டு, சாம்பிராணிப் புகை காட்டப்பெற்று. ஜென்சி புன்னகையுடன் திரும்பினாள். அந்தோ, அவள் கணவர்களை மறந்துபோனாள்.

புடவை எடுக்க வரும் மனைவிக்குப் பின்னால் எப்போதும் ஒரு கணவன் வருவான் அல்லவா. கைப்பேசி ஏந்தியோர், பை சுமந்தோர், "சீக்கிரம் பாரும்மா" என்று முணுமுணுத்தோர் எனத் தாம்பரத்தின் நாற்புறத்திலிருந்தும் திரண்ட அம்மாபெரும் கணவர் சேனை, கடைக்குள் புகுந்த நொடியிலேயே ஸ்டூல்களைக் கைப்பற்றிக் கொடிநாட்டிவிட்டது. அடுத்த வாரம் ஜென்சி வந்தபோது ஓர் அரசு ஓய்வூதியர், பாலித்தீன் உறை கசங்க, கால்மேல் கால் போட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினபாய் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், நின்றபடி.

ஜென்சி சினந்தாள், ஆயினும் சோரவில்லை. "இவ்விருக்கைகள் ஊழியர்களுக்கு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் பலகை செய்து, ஸ்டூல்களைக் கவுன்டருக்குப் பின்புறம் நகர்த்தி, மனைவியரிடமே முறையிட்டாள். மனைவியர் ஒரு பார்வை பார்த்தனர். கணவர் சேனை வாசல்வரை பின்வாங்கி, இளநீர் வண்டியருகே பாசறை அமைத்தது.

மூன்றாம் வருகையில் கண்ட காட்சிதான் கொடியது. ஸ்டூல்கள் காலியாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் ஊழியர் அனைவரும், கோயில் தூண்களில் செதுக்கிய பாவை விளக்குகளைப்போல் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று ஜென்சி தாழ்குரலில் கேட்டதற்கு, ரத்தினபாய் கடைக்கோடியைக் கண்ணால் காட்டினாள்.

"மொதலாளி அங்க நின்னுகினு கீறாரே. நாங்க எப்டிம்மா குந்தறது?"

ஆயிரம் பிரிவுகளையும் உட்பிரிவுகளையும் உருப்போட்ட ஜென்சி, அத்தனையையும் மனத்துக்குள் ஒருமுறை புரட்டினாள். இருக்கை தரச் சொல்லும் சட்டம் உண்டு. முதலாளியைப் பிடித்து உட்காரவைக்கும் சட்டம் எந்தத் தொகுப்பிலும் இல்லை. ஆடிக்கழிவின் கடைசி ஞாயிறு அது. வாசலில் தோரணம் அசைய, ஒலிபெருக்கி முழங்க, ஆவணி வளர்பிறைக் கல்யாணங்களுக்குப் பட்டெடுக்கும் கூட்டம் அலையலையாய் மோதிய அப்பெருங்களத்தின் நடுவே, மலைமுன் சென்ற மழைமுகிலென ஜென்சி தயாளன்முன் சென்று நின்றாள்.

தயாளன் நேர்மையான மனிதர். தாம் தடுக்கவில்லை என்றும், எல்லோரையும் கூப்பிட்டுத் தாராளமாக உட்காரச் சொல்லிவிட்டதாகவும், உட்காராதது அவர்கள் விருப்பம் என்றும், வேண்டுமானால் அதையும் எழுதித் தருவதாகவும் கூறினார். ஜென்சி ஃபைலை மூடினாள்.

"அப்ப நீங்க உக்காருங்கண்ணா."

விரித்த புடவைகள் விரித்தபடியே கிடந்தன. பேரம் பேசிய நாவுகள் அண்ணத்தில் ஒட்டின. இளநீர்ப் பாசறையிலிருந்த கணவர்கள் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டவைத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் எவரும் சொல்லியிராத அந்தச் சொல்லைக் கேட்டுத் தயாளன் மெல்ல நகைத்து, தம் வேதத்தின் முதலடியை எடுத்தார்.

"இல்லம்மா, நான் நின்னாத்தான்..."

"ஏங்க."

கல்லாவிலிருந்து வந்தது அந்தக் குரல். அதில் கோபம் இல்லை. ரூபாய்க் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கும் தொனியில் ஜெயக்கொடி பேசினாள்.

"எனக்கும்தாங்க கால் வலிக்குது. நீங்க நிக்கறீங்களேன்னு கடை தெறந்த நாள்லேர்ந்து நானும் நிக்கறேன். நீங்க உக்காந்தா நானும் செத்த உக்காருவேன்."

தயாளன் கல்லாவுக்கு வந்து, மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விற்பனையின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் கண்ட அந்தக் கழுகுக் கண்கள் இதுவரை காணாத ஒன்றைக் கண்டன. அவர் மனைவியின் பாதங்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"சொல்லியிருக்கலாமே ஜெயா" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே."

அதன்பின் நிகழ்ந்ததை எந்த நாவால் உரைப்பேன். இமயம் பணிந்ததுபோல், கடலுள் கதிரவன் இறங்கியதுபோல், திருவிழா முடிந்த தேர் நிலைக்கு வந்து நின்றதுபோல், முழங்கால்கள் இரண்டும் மறந்துபோன வேலையை நினைவுகூர்ந்து முனகி மடங்க, பாலித்தீன் உறை சரசரவென்று பேரொலி எழுப்ப, தயாளப் பெருமகனார் தம் கடையில் அமர்ந்தார். பக்கத்தில் மற்றொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெயக்கொடி அமர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் புதிதாய்ப் பெண்பார்க்க வந்தவர்களைப்போல் பார்த்துக்கொண்டு, வெட்கத்துடன் வேறுபுறம் திரும்பினார்கள். வியாபாரம் படுத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களெல்லாம் கேட்டது மாம்பழ மஞ்சள்.

அப்போது சேலையூர் வானில் தேவதுந்துபிகள் முழங்கினவோ, கேம்ப் ரோட்டில் அத்தனை பேருந்துகளும் ஒருசேர ஹாரன் அடித்தனவோ, அறியேன். வீராங்கனை ஜென்சி ஒளிசிந்தும் கண்களோடு பட்டுப் பிரிவை நோக்க, அங்கே பேரரசி முதலாளியை ஒருமுறை பார்த்து, ஸ்டூலை ஒருமுறை பார்த்து, முந்தானையை இடுப்பில் செருகி, அரியணை ஏறினாள்.

ரத்தினபாய் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள்.