பத்துக்கு ரெண்டு புளியங்கொட்டை

என் வாழ்க்கையில் நான் உருப்படியாக நிரூபித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எனக்குச் சம்பளம் கொடுத்த குடும்ப நல மையத்தால் ஊரிலிருந்த குடும்பங்களெல்லாம் கெட்டுப்போயின என்பதே அது. அந்த ஊர்ப் பெண்களையும், மையத்தின் தலைவியையும், மையம் இருக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மெட்ராசிலிருந்து வந்த அதிகாரியையும் ஒன்றாக உட்கார வைத்து, கலர்ப் படம் போட்டு நிரூபித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சமூகப்பணி படித்து முடித்த கையோடு, திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகும் சாலையில் ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தது. மையம் என்பது ஓட்டுக் கட்டடம் ஒன்று. காலையில் பால்வாடி, சாயங்காலம் தாய்மார் கூட்டம். குடித்துவிட்டுக் கை நீட்டும் புருஷன்மாரைக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. நடத்தியவர் லில்லி டீச்சர், மிஷன் பள்ளியில் ரிட்டயர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அதுவே போதும்.

மையத்தால் குடும்பங்களில் என்ன மாற்றம் வந்தது என்று அளப்பதுதான் என் வேலை. மையம் தொடங்கும்போது வீடு வீடாகப் போய்ச் சில கேள்விகள் கேட்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அதே பெண்களிடம் அதே கேள்விகள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாற்றம். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கும் அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை.

அச்சடித்த படிவத்தில் ‘எப்போதும், அடிக்கடி, சில சமயம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை’ என்று ஐந்து கட்டங்கள். பேச்சியம்மாள் வீட்டில்தான் ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் அன்பாகப் பேசுவாரா என்று கேட்டேன்.

“பேசுவாரு. பேசாமயும் இருப்பாரு, டீச்சரம்மா.”

இதை எந்தக் கட்டத்தில் போடுவது? அன்று மத்தியானமே படிவத்தை மூடி வைத்துவிட்டுப் புளியங்கொட்டைக்கு மாறினேன். கையில் பத்துக் கொட்டையைக் கொடுத்து, வீட்டில் எவ்வளவு நிம்மதி உண்டோ அவ்வளவு கொட்டையைத் தட்டில் வைக்கச் சொல்வது. பேச்சியம்மாள் பத்தையும் அள்ளித் தட்டில் போட்டாள். “எனக்கென்ன குறை டீச்சரம்மா, ராசாத்தி கணக்கா வச்சிருக்காரு!” எதிர்த்த வீட்டிலும் பத்து, அடுத்த தெருவிலும் பத்து. (என் நடையே மாறிவிட்டது. நான் ஒரு விஞ்ஞானி!)

பேச்சியம்மாளின் கன்னம் வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்றேன்.

“மாடு முட்டிருச்சு.”

அந்த வீட்டில் மாடு இல்லை, மாடு கட்டும் கயிறுகூட இல்லை. படித்த பிள்ளையல்லவா, அதையெல்லாம் கவனிக்காமல் ‘கால்நடையால் காயம்’ என்று தெளிவாக எழுதிக்கொண்டேன். மாடு முட்டியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்ததும், ஊருக்கு ஒரு கால்நடை மருத்துவரை வரவழைக்கலாம் என்று லில்லி டீச்சரிடம் சிபாரிசு வேறு செய்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

இரண்டு வருஷம் ஓடியது. அந்தப் பெண்கள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதை எப்போது விட்டார்கள் என்று தெரியவில்லை. ‘ஏ புள்ள, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ’ என்கிற அளவுக்கு வந்திருந்தோம். மறுபடியும் புளியங்கொட்டையோடு கிளம்பினேன். இந்த முறை ஒரு வீட்டை முடிக்கவே அரை நாள் ஆனது. உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மாமியார் பேசியது முதல் புருஷன் அரிசிப் பானையை உடைத்தது வரை சொன்னார்கள். பேச்சியம்மாள் வெகுநேரம் யோசித்து மூன்று கொட்டை வைத்தாள். பிறகு அதிலும் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கூட்டிப் பார்த்தால் ஊரில் நிம்மதி பாதாளத்துக்குப் போயிருந்தது. யாராயிருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நானோ, எது வந்தாலும் உண்மையை உலகுக்குச் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். இருபத்து மூன்று வயதில் மனிதருக்கு வரும் வியாதி அது. “கணக்கெல்லாம் சரியா இருக்காம்மா?” என்று லில்லி டீச்சர் கேட்டபோது, “பக்காவா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

மெட்ராஸ் அதிகாரி வந்த அன்று கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்றால் பால்வாடி முதற்கொண்டு எல்லாம் அந்த மாதத்தோடு மூடல் என்று அவர்களுக்கும் தெரியும். நிம்மதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்த அட்டையை நான் சுவரில் மாட்டினேன். முதல் வருஷம் பச்சையில், தென்னை உயரம். இந்த வருஷம் சிவப்பில், கத்திரிச்செடி உயரம்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ, மையம் வராமலே இருந்திருந்தா இவங்க நல்லா இருந்திருப்பாங்கன்னு சொல்றீங்களா?”

“புள்ளிவிவரப்படி அப்படித்தான் சார்.”

லில்லி டீச்சர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிட்டார். “நீ சொன்னதை அவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லும்மா” என்றார். சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே உறைத்தது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

“ஏ புள்ள, அன்னைக்கு நீ யாரு? கையில பேப்பரு, தோளுல பையி, காலுல செருப்பு. சர்க்காரு ஆளுன்னு நெனச்சேன். முகந்தெரியாதவகிட்டப் போயி எம்புருசன் அடிக்கிறான்னு சொல்லுவேனா? குடும்ப மானம் என்னாகுறது? அன்னைக்கு வச்ச பத்தும் பொய்யி. இன்னைக்கு வச்ச ரெண்டும் நெசம்.”

அதிகாரி அவளையே நேராகக் கேட்டார். “அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா எத்தனை வச்சிருப்பீங்க?”

“தட்டையே தொட்டிருக்க மாட்டேன் சாமி.”

வாசலில் ஒரு பெஞ்சு தொப்பென்று விழுந்தது. கூட்டத்துக்குப் பெஞ்சு சுமந்து வந்த ஆண்களில் ஒருவர், அவள் புருஷன் கருப்பையா. எல்லோரும் திரும்பிப் பார்க்க, வேர்த்து வழிய அவர் சொன்னார்: “இப்பக் கொறச்சிட்டேன்ல, அதையும் சொல்லு.”

“கொறச்சாப் போதுமா? விடணும்!” என்றாள் பேச்சியம்மாள். பிறகு அதிகாரியிடம், “இப்பக் கையை ஓங்குனா எதுத்த வீட்டுக்காரி வந்து கதவத் தட்டுவா சாமி. முந்தி தட்ட மாட்டா. தட்டுனாலும் நான் தொறக்க மாட்டேன். இந்தக் கட்டடத்துல உக்காந்து பேசிப் பேசித்தான் தொறக்கப் பழகுனேன்” என்றாள்.

அவ்வளவுதான், பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். “கொண்டா அந்தக் கொட்டைய!” என்று பையைப் பிடுங்கி, முதல் வருஷக் கணக்கை அவர்களே திருத்தினார்கள். எனக்கு ஒண்ணு, எனக்கு அதுவும் இல்ல, எனக்கு அன்னைக்கு முட்டுனது மாடு இல்ல. முகந்தெரியாத ஆளிடம் வாயே திறக்காத பெண்கள், கோட்டுப் போட்ட ஒரு புது மனிதர் முன்னால், சிலர் தங்கள் புருஷன்மார் காதுபடவே, வீட்டு மானத்தைக் கூடத்தில் கொட்டினார்கள். மையம் மூடக்கூடாது என்பதற்காக. நான் அழக்கூடாது என்பதற்காகவும்தான். (நான் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தேன், அது வேறு விஷயம்.)

அதிகாரி என்னிடம் பச்சைப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். தென்னை மரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னக் கோடு போட்டார். அதன் பக்கத்தில் நின்ற என் கத்திரிச்செடி திடீரென்று பெரிய ஆளாகத் தெரிந்தது. மையம் தொடர்ந்தது. என் வேலையும் தப்பியது. எனக்குப் பட்டம் கொடுத்தது கல்லூரி, தொழில் கற்றுக் கொடுத்தது அந்தப் பாய். அந்தப் பெண்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனை இன்றுவரை ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை.

பிறகு கல்யாணமாகி இந்தக் கதை என் வீட்டுக்காரரிடம் மாட்டியது. சாம்பார் எப்படி என்று கேட்டால் போதும், “முதல் வருஷக் கொட்டை வைக்கவா, ரெண்டாம் வருஷக் கொட்டை வைக்கவா?” என்பார். பிள்ளைகள் ரேங்க் கார்டு காட்டும்போதும் இதே கேள்விதான். கல்யாண வீடுகளில் என்னைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கெல்லாம், மாட்டு டாக்டரோடு சேர்த்து, இந்தக் கதை விருந்தாகப் பரிமாறப்படும்.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். எப்படிடி இருக்கே என்றேன்.

“சூப்பரா இருக்கேன்மா. ஒரு குறையும் இல்ல.”

“எந்த வருஷக் கொட்டை?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, “நாலுதாம்மா” என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். “சொல்லு” என்றேன்.