ஏழு புற்களுக்கு டி.சி.

அன்பும் மரியாதையும், கூடவே கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு உன் தம்பி எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உன் ரத்த அழுத்தம் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் என்னை நீ பேச விடமாட்டாய். அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் நீ வந்து பார்க்கும்போது, நாங்கள் குடியிருக்கும் உன் வீட்டுத் தோட்டம் வெறும் கடல் மணலாகக் கிடந்தால் மொத்தத்துக்கும் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்திவிடுவேன் என்று சொன்னாய். அக்கா, அவசரப்படாதே. நீ சொன்ன ரோஜாவை நான் வைக்காமல் இல்லை. உப்புக் காற்றில் இரண்டே நாளில் அது கருகிப்போனது. நர்சரிக்காரர்தான், "சார், இந்த மணலுக்கு அழகுப் புல் வைங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், அதுபாட்டுக்கு வளரும்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனிடம் போய் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னால் நடக்கிற காரியமா? பன்னிரண்டு தூறு வாங்கி வந்து, குள்ளமானவை முன்னால், நெட்டையானவை பின்னால், நடுவில் ஒரு கை நீள இடைவெளி என்று உயரவாரியாக நட்டேன். உன் தம்பி மனைவி தன் பியூட்டி பார்லருக்குப் போகிற அவசரத்திலும் நின்று, "போயும் போயும் புல்லு. ஊர்ல எல்லாரும் அதைப் பிடுங்கிப் போடுறாங்க, நீங்க நட்டு வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு விசில், பிறகு தண்ணீர், பிறகு மண்புழு உரம், சாயங்காலம் மறுபடி தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலாக இன்னும் கொஞ்சம் உரம். பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்தார்கள். மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேரும் மொத்தமாகச் சாய்ந்து தரையில் படுத்துவிட்டார்கள்.

குச்சி நட்டுக் கட்டினேன். கயிறு போதவில்லை. பார்லர் பெட்டியிலிருந்த ஹேர் கிளிப்புகளை எடுத்து மாட்டினேன். பார்லரிலிருந்து போன்: "என்னங்க, என் கிளிப்பெல்லாம் எங்க? இங்க ஒரு பொண்ணு பாதித் தலையோட உட்கார்ந்திருக்கா!" என்ன பதில் சொல்வேன், புல் போட்டுக்கொண்டிருக்கிறது என்றா? கடைசியில் நர்சரிக்காரரே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ன சார், தினம் விருந்தா வச்சீங்க? இதைப் பட்டினி போட்டாத்தான் நிமிர்ந்து நிக்கும்." சரி என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஐந்து பேர் மெல்ல நிமிர்ந்தார்கள். ஏழு பேர் அசையவில்லை. முதல் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கை, எல்லாம் முறைப்படிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேரோடு பிடுங்கி, "உருப்படாதவங்களுக்கு இங்க இடமில்ல" என்று டி.சி. கொடுத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். அன்று ராத்திரி நல்ல மழை.

மிச்சமிருந்த ஐந்தும் அடுத்த மாதமே பழுப்பாகிவிட்டன. நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து உன் தம்பி மனைவி பார்லர் கத்தரிக்கோலால் ஐந்தையும் சாண் உயரத்துக்கு ஒட்ட வெட்டி பாப் கட் பண்ணிவிட்டாள். "நுனியெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சுங்க. வெட்டினா நல்லா வளரும்" என்கிறாள், ஏதோ வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவதுபோல. அக்கா, உன்னிடம் மறைப்பானேன், அழுதுவிட்டேன். ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்வதை நின்று கேட்க அந்தப் புற்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் கேள், பத்தாம் நாள் காலையில் பார்க்கிறேன், பச்சைப் பசேலென்று முளைவிட்டிருக்கிறது! நான் ஊதின விசிலில் பால்காரர் சைக்கிளோடு விழுந்தார். இப்போது முழங்கால் உயரம், அடர்த்தியாக, கரும்பச்சையாக, ஒன்றுகூடச் சாயாமல் நிற்கிறது. ஒழுங்கும் கண்டிப்பும் இருந்தால் மணலில்கூட வளர்க்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆகவே அக்கா, தயவுசெய்து சிமெண்ட் பேச்சை விட்டுவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், முதுகை வளைக்காமல் உட்காரச் சொல்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் நர்சரிக்காரர் வந்தார். பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது கோரை, வெறும் களை. நான் கொடுத்தது செத்து ரொம்ப நாளாச்சு" என்றார். வேர்த்த முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தால் காற்று அதைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா, டி.சி. வாங்கின ஏழு பேரும் அங்கே நிற்கிறார்கள்! தண்ணீர் இல்லை, உரம் இல்லை, மாஸ்டர் இல்லை. என் மார் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளி நிறத்தில் பூ விட்டு, காற்று அடித்ததும் ஏழு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே சமயத்தில் நிமிர்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அப்படி ஒரு டிரில் அமையவில்லை. பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு ஏறிய உன் தம்பி மனைவி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்க பள்ளிக்கூடத்துல எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். தோட்டத்துக்குத் தாராளமாகச் சிமெண்ட் போட்டுக்கொள். பின்சுவரை மட்டும் என் இடுப்பளவுக்குக் குறைக்கச் சொல். விசிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.