கறுப்புப் பந்தும் என் பெர்மனென்ட் ஆர்டரும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு சாயங்காலம் பாரில் சப்ளையராக வேலை பார்த்திருக்கிறேன். யாரும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை, சம்பளமும் பேசவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். இதை வெளியில் சொல்லக் கூடாது என்று எங்கள் கம்பெனி ஜி.எம். என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் ரிடையர் ஆகி ஊரைப் பார்த்துப் போய்விட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னி. கோவில்பட்டியிலிருந்து வந்து, படப்பையில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்தேன். ட்ரெய்னி காலம் முடியப் போகிற நேரம். அந்த மாதம் பெர்மனென்ட் லிஸ்ட் வரும். அதில் பெயர் இருந்தால் ஆயுசுக்கும் வேலை, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். (ஊரில் அம்மா, லிஸ்ட் வருவதற்கு முன்பே “பையன் பெர்மனென்ட் ஆயிட்டான்” என்று தெரு முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தாள். கொடுத்த லட்டைத் திரும்ப வாங்க முடியுமா?)

வேலையில் நான் பெரிய புலி இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அது ஃபைவ் எஸ். அதாவது, தொழிற்சாலையில் எந்தப் பொருளும் அதனதன் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்கிற முறை. ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் உருவத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். எனக்கு அது பித்தாகவே பிடித்துவிட்டது. எங்கள் ரூம் அலமாரியில் சோப்பு டப்பாவுக்கும் பேஸ்ட்டுக்கும் கோடு போட்டு வைத்தேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். ரூம்காரன் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் அவன் பாயைச் சுருட்டி வைத்துவிடுவேன், அவனுக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வந்தாலும் சரி. கம்பெனியில் எனக்கு ‘ஃபைவ் எஸ் சாம்பியன்’ என்று ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். அதை ஐ.டி. கார்டு கயிற்றில் குத்திக்கொண்டு கோவிலுக்குக்கூடப் போயிருக்கிறேன். சாமி பார்க்கட்டுமே என்றுதான்.

அந்த வாரம் எங்களிடம் பிரேக் வாங்கும் கொரியா கம்பெனியிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்திருந்தார். நாங்கள் அவரைக் ‘கொரியா சார்’ என்போம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் என் லைனில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கம் தனசேகர் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“இன்னா மச்சான், எப்பப் பாரு ரூம்லயே குந்திகினு கீற? வா, ஸ்நூக்கர் ஆடிட்டு வர்லாம்.”

“எனக்குக் கேரம்தான்டா தெரியும்.”

“அத்தேதான் இதுவும். வெரலுக்குப் பதிலா குச்சி.”

ஹைவேயில் ஒரு ஹோட்டலின் மாடியில் இருந்தது அந்த இடம். ஒரு பக்கம் பார், பெரிய டிவி. இன்னொரு பக்கம் பச்சைத் துணி விரித்த மேசைகள். அங்கே ஆடுவது பூல். ஆனால் ஒரகடத்தில் குச்சியால் பந்தை இடித்தாலே அது ஸ்நூக்கர்தான். வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஒரு கம்பெனி யூனிஃபார்மில்தான் இருப்பார்கள். தோற்றால் மெயின்டெனன்ஸ்காரர்கள் குச்சியைக் குறை சொல்வார்கள்; குவாலிட்டிக்காரர்கள் போனை மேசை மேல் வைத்து, மேசை சாய்ந்திருக்கிறதா என்று லெவல் பார்ப்பார்கள்.

நாங்கள் உள்ளே நுழையும்போது டிவியில் கிரிக்கெட் கடைசி ஓவர். மொத்தக் கூட்டமும், தனசேகர் உட்பட, டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. நான் மட்டும் மேசைப் பக்கம் வந்தேன். அங்கே கண்ட காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. மேசை மேல் பந்துகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒரு குச்சி நாற்காலியில், ஒரு குச்சி தரையில். சாக்பீஸ் ஓரத்தில். யாரோ ஆடி முடித்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள், பொறுப்பில்லாத ஜென்மங்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மளமளவென்று வேலையை ஆரம்பித்தேன். குச்சிகளை உயர வாரியாக ஸ்டாண்டில் நிறுத்தினேன். வலைப் பைகளில் விழுந்திருந்த பந்துகளையும் எடுத்து, எல்லாவற்றையும் முக்கோணச் சட்டத்துக்குள் நம்பர் வரிசையில் அடுக்கினேன். ஒரு மூலைக் குழியின் வாயில் கறுப்புப் பந்து ஒன்று விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அதையும் எடுத்து, டிஷ்யூவால் துடைத்து வைத்தேன். இரண்டடி பின்னால் போய் அழகு பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஓவர் முடிந்து கூட்டம் கலைந்தது. மேசையை நோக்கி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் ஜி.எம்., இன்னொருவர் கொரியா சார்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜி.எம். காலேஜ் நாளிலிருந்தே இந்த ஆட்டத்தில் சூரர். கொரியா சாருக்கு ஆசை அதிகம், ஆட்டம் குறைவு. வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமே என்று ஜி.எம். படாத பாடு பட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். கடைசியாகத் தள்ள வேண்டிய அந்தக் கறுப்புப் பந்தைக் குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், கொரியா சார் ஜெயித்திருப்பார்.

கொரியா சார் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெரி க்ளீன்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஜி.எம். என் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. மறுநொடி, “பார் ஸ்டாஃப், சார், பார் ஸ்டாஃப்!” என்றார். என்ன காலக்கொடுமையோ, எங்கள் கம்பெனிச் சட்டையும் அந்த பார் சப்ளையர்களின் சட்டையும் ஒரே நீலம். (ஸ்ரீபெரும்புதூரில் ஒரே கடையில் மொத்தமாகத் தைத்திருப்பார்கள் போல.) ‘கார்டை மறை’ என்று ஜி.எம். கண்ணாலேயே கத்தினார். கொரியா சார் குச்சி எடுக்கத் திரும்பியதும் நான் மேசையில் முதுகைச் சாய்த்து, கார்டைக் கயிற்றோடு கழற்றி, எனக்குப் பின்னால் இருந்த மூலைக் குழியில் போட்டேன். சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி முத்திரைக்கு என்ன செய்வது? பக்கத்தில் வந்த நிஜ சப்ளையரை மறித்தேன்.

“அண்ணாச்சி, அந்தத் தட்டை இப்படித் தாங்க. என் வேலையே போயிரும் போலிருக்கு.”

“என் வேலை போனா?” என்றார் அவர். ஆனாலும் கொடுத்தார். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அதைக் கீழே இறக்கவில்லை. கையில் ஒன்றிரண்டு தம்ளர்களாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போது தனசேகர் வந்தான். நான் முந்திக்கொண்டு, “சார், உங்களுக்கு என்ன வேணும்?” என்றேன்.

“டேய், இன்னாடா ஆச்சி உனுக்கு? இன்னும் ஒரு மொடக்குகூட குடிக்கலயே!”

நான் கண்ணைக் காட்டினேன். ஜி.எம்.மைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டான். “சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் ஒண்ணு. வெங்காயம் தனியா வெட்டிக் கொண்டாப்பா” என்றான். பிறகு, “இன்னாப்பா, இவ்ளோ ஸ்லோவா கீது சர்வீஸு?” என்று குறை வேறு. அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

ஜி.எம். மறுபடி முதலிலிருந்து தோற்க ஆரம்பித்தார். அவர் கோபத்தில் எங்கே அடித்தாலும் பந்து குழிக்குள் போய்த் தொலைத்தது. “சாரி, சாரி” என்று மன்னிப்புக் கேட்டபடியே ஜெயித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கறுப்புப் பந்தை அடிக்கும் வாய்ப்பு கொரியா சாருக்கு வந்தது. குறி பார்த்தார். இடித்தார். பந்து உருண்டு போய் மூலைக் குழியில் விழுந்தது. நானும் சப்ளையரும் தனசேகரும் கை தட்டினோம். கொரியா சார் சிரித்துக்கொண்டே வெற்றிப் பந்தை எடுக்க வலைக்குள் கையை விட்டார்.

பந்தோடு என் ஐ.டி. கார்டும் வந்தது.

போட்டோவைப் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு போய், முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது.

“டூ ஜாப்?”

எது சொன்னால் நல்லது என்று தெரியாமல், “எஸ் சார்” என்றேன். ஜி.எம். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒய்?” என்றார் கொரியா சார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் கம்பெனியில் யாராவது ‘ஏன்’ என்று கேட்டால், மூல காரணம் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மணி, சார்.”

“ஒய்?”

“சேலரி ஸ்மால், சார்.”

“ஒய்?”

“ஒன்லி ட்ரெய்னி, சார். நாட் பெர்மனென்ட்.”

“ஒய்?”

லிஸ்டில் கையெழுத்துப் போடுகிறவர் ஜி.எம்.தான். அதனால் ஜி.எம்.மைப் பார்த்தேன். கொரியா சாரும் ஜி.எம்.மைப் பார்த்தார். சப்ளையரும் பார்த்தார். தனசேகர் சிக்கனை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மூல காரணம் அங்கே வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஆடிட் கூட்டத்தில் கொரியா சார் மேசையைத் தட்டிப் பேசினாராம். பகலில் பிரேக் செய்கிறவன் சாயங்காலம் பாரில் தட்டு ஏந்தினால், மறுநாள் அவன் கை நடுங்காதா, அந்த பிரேக்கை நம்பிக் காரில் யார் உட்காருவது என்று கேட்டிருக்கிறார். ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனேன்.

“ஏன்டா, நீ பார்ல வேலை பாக்குறியா?”

“இல்ல சார். நீங்கதானே சார் சேர்த்துவிட்டீங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் கொரியா சார் மறுபடி ‘ஒய்’ என்பார் என்று பயந்து, எங்கள் பேட்ச் முழுவதையும் பெர்மனென்ட் ஆக்கினார்கள். தன்னால்தான் எல்லாருக்கும் வேலை கிடைத்தது என்று தனசேகர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சிக்கன் சொன்னது அவன்தானாம்.

இப்போது நான் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். படப்பையில் சொந்த வீடு, ஈ.எம்.ஐ.யில் ஒரு கார், கல்யாணம், ஒரு பெண் குழந்தை. கொரியா சார் இன்னமும் ஆடிட்டுக்கு வருகிறார். நேராக என் லைனுக்கு வருவார். யாரும் பார்க்காதபடி என் கையில் ஒரு சாக்லேட் டப்பாவையும், அதற்கு அடியில் மடித்த ரூபாய் நோட்டு ஒன்றையும் திணிப்பார். “நோ மோர் பார், ஓகே? ஸ்லீப் வெல்” என்பார். உண்மையைச் சொல்ல நானும் பலமுறை வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் “ஓகே சார்” என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

அந்த டப்பாவுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் ‘பார் போனஸ்’. ஆடிட் நாளன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் ஓடிவந்து பையைப் பிடுங்குவாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “பகல்ல பிரேக் செய்வாரு. பார்ல சாக்லேட் குடுப்பாங்க” என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு டீச்சரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்க ஆரம்பித்தால் எதுவரை பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.